சேலம் மேக்னசைட்: ஆஸ்டர் படம் ஏன் குழப்புகிறது

வணக்கம். சேலம் பகுதியின் 2011-ம் வருட ஆஸ்டர் (டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள உணரி) படத்தில் 4 முதல் 9 வரையான பேண்டுகள் (குறு அகச்சிவப்பு அலைநீளப் பட்டைகள்) வெளிறிப்போய் கோடு கோடாகத் தெரிவதாகவும், பழைய படத்திலோ மேக்னசைட்டும் (மக்னீசியம் கார்பனேட் தாது) சர்பென்டைனும் (ஆலிவின் தாது நீரால் மாறி உருவாகும் தாது) ஒரே நிறத்தில் வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதல் சிக்கல் உங்கள் தவறே இல்லை. ஆஸ்டரின் குறு அகச்சிவப்பு உணரி 2008 ஏப்ரலோடு பழுதாகிவிட்டது, அதனால் அதற்கு முந்தைய படங்களை மட்டும் எடுங்கள், கோடை மாதமாகப் பார்த்து.

இரண்டாவதுதான் உண்மையான சிக்கல். மேக்னசைட் 2.30 மைக்ரான் பக்கம் ஒளியை உறிஞ்சுகிறது, சர்பென்டைன் 2.32 பக்கம், இரண்டும் 8-வது பேண்டுக்குள்ளேயே விழுந்துவிடுகின்றன. ஒரு பேண்டை இன்னொன்றால் வகுத்து எந்த விகிதம் போட்டாலும் சுத்தமாகப் பிரியாது. வெப்ப பேண்டுகளில் 13/14 விகிதம் கார்பனேட் தாதுக்களைக் காட்டும்தான், ஆனால் ஒரு பிக்சல் 90 மீட்டர், அங்கே மேக்னசைட் டூனைட் என்ற ஆலிவின் பாறைக்குள் மெல்லிய நரம்புகளாக ஓடுகிறது. அப்புறம், சுரங்கக் கழிவு மேடுகளும் படத்தில் வெள்ளையாக மின்னும், அவற்றைப் பாறை என்று குறித்துவிடாதீர்கள்.

ஆகவே நிறம் மாறும் எல்லைகளில் நடந்து பாறை மாதிரிகள் எடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் வெயில்பட்ட மேல்தோல் ஒன்று, உடைத்த புதுமுகம் ஒன்று, ஏனென்றால் செயற்கைக்கோள் பார்ப்பது மேல்தோலைத்தான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் பொங்கினால் அது கால்சைட், குளிர்ந்த அமிலத்தில் மேக்னசைட் பெரும்பாலும் சும்மா இருக்கும். மிச்சத்தை எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிரால் தாதுவை அடையாளம் காணும் சோதனை) சொல்லிவிடும்: செம்பிலிருந்து வரும் எக்ஸ்-கதிரில் மேக்னசைட்டின் முக்கிய உச்சம் 32.6 பாகை அருகே. நுண்ணோக்கியில் பார்க்கப் பாறையின் மெல்லிய சீவல் செய்ய முடிந்தால் கட்டாயம் செய்யுங்கள், ஆலிவினைச் சர்பென்டைன் வலைபோல் தின்றிருப்பது அதில்தான் தெரியும்.