தடையில்லா வர்த்தக ஒப்பந்தங்களால் உள்ளூர் வேலை போகிறதா? ஆட்கள் ஊரைவிட்டுப் போவது அதனால்தானா?

எங்கள் ஊரில் ரெண்டும் நடந்தது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் காபித் தோட்டம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக் கொடி.

மிளகுக்குப் பொதுவான இறக்குமதி வரி 70 சதவீதம். வியட்நாம் உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு போட்டு, 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தம், அந்த நாட்டுச் சரக்குக்கு அதைப் படிப்படியாக 50க்கு இறக்கியது. அதைவிடப் பெரிய அடி இலங்கை வழியாக வந்தது. அந்த நாட்டு மிளகு வருஷத்துக்கு 2,500 டன் வரை வரியே இல்லாமல் வரலாம்; அதற்கு மேல் 8 சதவீதம்தான். வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி இலங்கைச் சரக்காக இங்கே வருகிறது என்று விவசாயிகள் கத்திக் கத்தித்தான், 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். வியட்நாமில் விளைச்சல் பெருகியதும் ஒரு காரணம்தான், பழி முழுவதையும் ஒப்பந்தத்தின் மேல் போட மாட்டேன். 2016இல் 650க்குக் கொடுத்த மிளகை 2019இல் 320க்குக் கொடுத்தோம்.

எங்களுக்கு மிளகு பறித்தவர் எனக்குப் பெரியப்பா முறை. கொடி கிழியாமல் மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவார். சரத்தில் ஒரு மணியாவது சிவந்திருந்தால்தான் கை வைப்பார். அந்த வருஷம், "கண்ணு, என் பையனுக்கு இந்த ஏணி வேண்டாம்" என்றார். பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான்.

அங்கே ஒப்பந்தம் வேறு மாதிரி வேலை செய்கிறது. 2022 மே முதல் அமீரகத்துக்கும், அந்த டிசம்பர் கடைசியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் நம் ஆயத்த ஆடை வரியில்லாமல் போகிறது. பையன் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். நல்ல விஷயம். ஆனால் ஐம்பத்தெட்டு வயசில் பெரியப்பாவை எந்தக் கம்பெனி எடுக்கும்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே இப்படிப்பட்டவர்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். எங்கள் மலைக்கு அப்படி எதுவும் வரவில்லை.

விலை இப்போது பழையபடி 650ஐத் தாண்டிவிட்டது. பெரியப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, ஏணி ஏற வேறு ஆளும் இல்லை. போன மாசியில் நானும் என் மனைவியும் கை எட்டிய வரைக்கும் பறித்தோம். உச்சியில் இருந்ததெல்லாம் பழுத்து, காபிச் செடிக்கு அடியில் உதிர்ந்து கிடந்தது.