பின்னிட்டுப் பார்த்தவனா நான்?

அன்புள்ள ஐயா,

நான் பேராவூரணிப் பக்கத்தைச் சேர்ந்தவன். இறையியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்பை ஒரே இரவில் சாய்த்துவிட்டது. கடன் வாங்கி வளர்த்த தோப்பு அது. அப்பா அதோடு படுத்துவிட்டார். தங்கையின் திருமணமும் நின்றுகொண்டிருந்ததால் படிப்பை விட்டுவிட்டு வந்தேன். இப்போது உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறேன். கலப்பையில் கை வைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியில்லாதவன் என்ற வசனத்தை எங்கள் சபை மூப்பர் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். புயலே எனக்கான எச்சரிப்பு என்றும் சொன்னார். தேவனுடைய அழைப்பு மாறாதது என்று ரோமர் நிருபம் சொல்கிறது. அப்படியானால் என்னை அழைத்தது யார், திருப்பி அனுப்பியது யார்?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் புயலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கஜா கரையேறிய பின் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் நானும் நடந்திருக்கிறேன். தோப்புக்குத் தோப்பு மரங்கள் ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்தன; சில வேரோடு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு, சில நடுமரத்தில் முறிந்து. மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது, அதில் 500 ரூபாய் வெட்டி அப்புறப்படுத்தும் கூலி. அந்த ஊர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களுமாக எல்லாருடைய தோப்பும் விழுந்தது. அத்தனையும் விழுந்தது ஓர் இறையியல் மாணவனை எச்சரிக்கத்தான் என்று சொல்வது அக்கம்பக்கத்தாரின் துயரத்தை அவமதிப்பதாகும். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொன்னார் (லூக்கா 13). அவர் மறுத்த விளக்கத்தை எந்த மூப்பர் சொன்னாலும் நீங்கள் ஏற்கத் தேவையில்லை.

கலப்பை வசனம் கடினமானதுதான். அதை மென்மையாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. வீட்டாரிடம் விடைபெற்று வரட்டுமா என்று கேட்டவனுக்குச் சொல்லப்பட்ட சொல் அது. ஆனால் அதைச் சொன்ன இயேசுவே மாற்கு 7-இல், தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவுகிறவர்களை நேருக்கு நேர் கண்டிக்கிறார். தேவனுடைய வார்த்தையை அவமாக்குகிறீர்கள் என்று அவர் சொன்னது அவர்களைத்தான். சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயை யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துவிட்டே உயிர்விட்டார். படுத்துவிட்ட தகப்பனையும் கடன்காரரையும் விட்டுவிட்டு நீங்கள் விடுதி அறையில் எபிரேயம் படித்துக்கொண்டிருந்தால், கொர்பானைப் பற்றிய அந்தப் பகுதியைத்தான் உங்களுக்கு நான் வாசித்துக் காட்டியிருப்பேன். கலப்பை வசனத்தை ஒருவன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள எடுக்கலாம். அடுத்தவன் முதுகில் அடிக்க எடுக்கக் கூடாது.

நீங்கள் எடுத்துக்காட்டும் ரோமர் 11-ஆம் அதிகாரத்தின் வசனம் இஸ்ரவேல் ஜனங்களைப் பற்றியது. தனிமனிதன் ஒருவனின் பதவியையோ படிப்பையோ பற்றியதன்று. அதே நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில், அதை எழுதிய பவுல் தம் திட்டத்தைச் சொல்கிறார்: உங்களிடம் வரப் பலமுறை தடைபட்டேன், இனி ரோமாபுரி வழியாக ஸ்பானியாவுக்குப் போவேன் என்கிறார். ரோமாபுரிக்கு அவர் கைதியாகத்தான் போய்ச் சேர்ந்தார். அப்போஸ்தலர் நடபடிகள் முடியும்போது வாடகை வீட்டில், காவலுக்குள் இருக்கிறார். ஸ்பானியா பற்றி அந்த நூலில் ஒரு சொல்லும் இல்லை. அழைப்பு மாறாதது என்று எழுதிய கைக்கே பயணத் திட்டம் மாறிப்போயிற்று.

நம் காவிரிக் கரையிலேயே இன்னொருவரைப் பாருங்கள். டென்மார்க் அரசர் அனுப்பி 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, இரண்டே ஆண்டுகளில் அங்கிருந்த டேனிஷ் கோட்டை அதிகாரியால் சிறையில் அடைக்கப்பட்டு நான்கு மாதம் கிடந்தார். அவருக்காக இங்கிலாந்திலிருந்து அனுப்பிய அச்சுக்கூடம் வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்; உடன் வந்த அச்சாளர் வழியிலேயே இறந்துபோனார். அதையும் தாண்டி 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. பிறகு பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். அக்காலத்தில்தான் கோபன்ஹேகனில் இருந்த மிஷன் நிர்வாகத்திடமிருந்தே, ஊழியர்கள் கட்டடம் கட்டுவதையும் செலவு செய்வதையும் பழித்துக் கடுமையான கடிதங்கள் வந்தன. 1719 பிப்ரவரியில், 36 வயதில் அவர் இறந்தபோது மொழிபெயர்ப்பு ரூத்தின் புத்தகம் வரை வந்திருந்தது. மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி பெஞ்சமின் சூல்ட்சே. தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ரூத்தோடு நின்றுபோனவர் என்பதற்காக அவர் அழைக்கப்படாதவர் என்று சொல்ல யாருக்கும் நா எழாது.

இதைச் சொன்னதால் உங்கள் இழப்பு இழப்பில்லாமல் போய்விடாது. எல்லாம் நன்மைக்கே என்று உங்களுக்கு நான் எழுத மாட்டேன். அங்கி போட்டுப் பலிபீடத்தருகே நிற்கும் நாளை மனத்தில் பார்த்திருந்தவர் நீங்கள். அது நடக்கவில்லை என்பது துக்கம், அதற்காக அழலாம். எரேமியா தீர்க்கதரிசி, என்னை இணங்கப் பண்ணினீரே என்று கர்த்தரிடமே முறையிட்டது அவருடைய புத்தகத்தின் 20-ஆம் அதிகாரத்தில் அப்படியே இருக்கிறது. யாரும் அதை வெட்டி எறியவில்லை.

இனிச் செய்யக்கூடியவை. புயலுக்குப் பின் வைத்த தென்னம்பிள்ளைகள் இந்நேரம் பாளை விடும் வயதுக்கு வந்திருக்கும். கடனின் நிலையை அப்பாவோடு உட்கார்ந்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் கிறிஸ்தவப் படிப்புகளில் கல்லூரிக்குப் போகாமல் வெளியிலிருந்தே படிக்கக்கூடியவை உண்டு. உரக்கடை வேலையை விடாமலே அதைத் தொடங்கலாம். போதகரிடம் தனியே பேசி, ஓய்வுநாள் பள்ளியையோ மாலை ஜெபக் கூட்டத்தையோ நடத்தக் கேளுங்கள். மறுபடி முழுநேரப் படிப்புக்குப் போவதா என்பதை அதற்கப்புறம், மூப்பருக்கு நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணம் மனத்திலிருந்து போன பிறகு, முடிவு செய்யுங்கள். போதகர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.