சௌராஷ்டிரப் புத்தகம் குஜராத்தி ஆனது எப்படி? மொழிக் குறியீட்டைத் திருத்தும் வழி

கேள்வி: கீழவாசல் பக்கம் எங்கள் சமூகத்தாரின் சிறிய படிப்பகம் ஒன்று நடக்கிறது. நூல்பட்டியலை கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றியிருக்கிறோம். நாயகி சுவாமிகள் கீர்த்தனைகள் முதலான சௌராஷ்டிரப் புத்தகங்கள் தேடலில் 'குஜராத்தி' என்று வருகின்றன. சிலவற்றில் மொழிப் பெயருக்குப் பதில் 'எஸ்-ஓ-யு' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள்தான் தெரிகின்றன. தமிழ்ப் புத்தகங்கள் சில, 'தமிழ்' என்று வடிகட்டினால் வருவதே இல்லை. மொழிப் பட்டியலில் சௌராஷ்டிரம் என்ற பெயரும் இல்லை. பெயரை எங்கே போய் மாற்றுவது? கீர்த்தனைகளை போனில் படிக்க ஒரு வலைப்பக்கமும் தயாராகிறது. அதில் என்ன மொழி என்று போடுவது?
– வாசகி, மதுரை

பதில்: பெயரை மாற்றக் கிளம்பாதீர்கள் அம்மா. நீங்கள் சொன்ன நாலு கோளாறில் மூன்று, குறியீட்டுக் கோளாறு. புத்தகப் பதிவுக்குள் சேமிக்கப்படுவது குறியீடு, அதாவது மொழியைக் குறிக்கும் சில ஆங்கில எழுத்துகள், மட்டும்தான். திரையில் தெரியும் பெயரை மென்பொருள் வேறொரு அட்டவணையில் பார்த்து எடுத்துக் காட்டுகிறது. அந்த அட்டவணையில் 'குஜராத்தி'யை அழித்து 'சௌராஷ்டிரம்' என்று எழுதினால் இன்றைக்குத் திரை சரியாகிவிடும். நாளை யாராவது உண்மையான குஜராத்திப் புத்தகம் ஒன்றை நன்கொடை தந்தால் அதுவும் சௌராஷ்டிரம் ஆகிவிடும். உங்கள் பட்டியலை வேறு நூலகத்துக்கு அனுப்பினால் அங்கே மறுபடி எல்லாம் குஜராத்தி.

இனிமேல் குறியீடுகளை ஒலிப்பாக எழுதுகிறேன். நீங்கள் அடிக்கும்போது சின்ன ஆங்கில எழுத்தில், புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் அடியுங்கள்.

குஜராத்தி எப்படி வந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. பட்டியலில் சௌராஷ்டிரம் இல்லை, முன்னோர் குஜராத் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தானே என்று யாரோ குஜராத்தியின் குறியீடான ஜி-யு-ஜே-யைத் தேர்ந்திருப்பார்கள். குஜராத்தில் சௌராஷ்டிரா என்றே ஒரு பகுதி இருப்பதும், அங்கே பேசுவது குஜராத்தி என்பதும் குழப்பத்தைக் கூட்டும். எஸ்-ஓ-யு போட்டவர் இன்னொரு வகை: பெயரின் முதல் மூன்று எழுத்தே குறியீடாக இருக்கும் என்று நினைத்தவர். அந்த எஸ்-ஓ-யு, உலகப் பட்டியலில் தென்தாய்லாந்து மொழி ஒன்றின் குறியீடு. ஊகித்து எழுதக் கூடாத விஷயம் இது. மதுரைச் சௌராஷ்டிரத்துக்கு அந்த உலகப் பட்டியலான ஐஎஸ்ஓ 639-3 தரத்தில் தனிக் குறியீடு உண்டு: எஸ்-ஏ-இசட். 2011 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சத்துக்கும் குறைவான பேர் தாய்மொழியாகச் சொன்ன மொழி என்றாலும் அதற்குரிய இடம் அதற்கு இருக்கிறது.

இனி பதிவைத் திருத்துவது. கோஹாவில் ஒரு புத்தகத்தைத் திருத்தத் திறந்தால் 008 என்ற புலம், அதாவது எண்ணிட்ட கட்டம், இருக்கும். நாற்பது எழுத்து நீளம், பார்த்தால் குப்பையாகக் கொட்டியது போல இருக்கும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 35, 36, 37-ஆம் இடங்கள் மொழிக்கு. உங்கள் தமிழ்ப் புத்தகங்கள் காணாமல் போவது இங்கேதான் என்று நினைக்கிறேன். அங்கே டி-ஏ-எம் இருக்க வேண்டும். இணையத்தில் தமிழுக்கு டி-ஏ என்ற இரண்டெழுத்துதான் சரி. அதைப் பார்த்துப் பழகியவர் இங்கேயும் டி-ஏ போட்டு ஓரிடத்தைக் காலியாக விட்டிருப்பார். இரண்டுமே தமிழின் குறியீடுதான். நூலகப் பதிவுக்கு மூன்றெழுத்து, வலைப்பக்கத்துக்கு இரண்டெழுத்து.

சௌராஷ்டிரத்துக்கு இங்கே ஒரு சிக்கல். 008-இல், மார்க் என்ற நூலகப் பதிவு முறைக்கென உள்ள மொழிப் பட்டியலின் குறியீடு மட்டுமே செல்லும். அதில் எஸ்-ஏ-இசட் கிடையாது. தனிக் குறியீடு இல்லாத இந்திய ஆரிய மொழிகளுக்கெல்லாம் சேர்த்து ஐ-என்-சி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 008-இல் அதைப் போடுங்கள். மனசுக்கு ஒப்பாது, தெரியும். அதற்கு ஈடாகத்தான் 041 புலம் இருக்கிறது. அதன் இரண்டாவது இண்டிகேட்டரில் (புலத்தின் தொடக்கத்தில் உள்ள சிறு பெட்டி) 7 போட்டால் 'குறியீட்டை வேறு பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறேன்' என்று அர்த்தம். எந்தப் பட்டியல் என்பதை, புலத்துக்குள் இருக்கும் உட்பிரிவான உட்புலம் 2-இல் ஐஎஸ்ஓ639-3 என்று, இதையும் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் சொல்ல வேண்டும். உட்புலம் ஏ-யில் எஸ்-ஏ-இசட். கீர்த்தனை சௌராஷ்டிரத்திலும் பொருள் தமிழிலும் இருக்கும் புத்தகம் என்றால் இன்னொரு உட்புலம் ஏ சேர்த்து டி-ஏ-எம். தமிழுக்கு இரண்டு பட்டியலிலும் அதே மூன்றெழுத்து என்பதால் ஒரே புலத்தில் இரண்டையும் வைக்கலாம்.

நம் ஊர்ப் புத்தகங்களுக்கு மிக முக்கியமான, ஆனால் யாரும் தொடாத புலம் 546. இது மனிதர் படிக்கும் குறிப்பு. உட்புலம் ஏ-யில் 'சௌராஷ்டிர மொழி, தமிழில் பொருளுரையுடன்' என்றும், உட்புலம் பி-யில் 'தமிழ் எழுத்து' என்றும் எழுதுங்கள். சௌராஷ்டிரம் தமிழ் எழுத்திலும் அச்சாகியிருக்கிறது, நாகரியிலும், தனக்குரிய சௌராஷ்டிர எழுத்திலும் அச்சாகியிருக்கிறது. பேரன் வந்து 'எனக்குத் தமிழ் எழுத்துதான் படிக்க வரும்' என்றால் எந்தப் புத்தகத்தை எடுத்துத் தருவது என்பது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

பட்டியலில் பெயர் இல்லாதது மட்டும்தான் நிஜமான பெயர்ப் பிரச்சினை. கோஹாவின் தரவுத்தளத்தில் மொழிகளுக்கான அட்டவணைகள் தனியாக இருக்கின்றன: ஒன்றில் குறியீடு, ஒன்றில் இணையக் குறியீட்டுக்கும் நூலகக் குறியீட்டுக்கும் உள்ள பொருத்தம், ஒன்றில் ஒவ்வொரு மொழியிலும் காட்ட வேண்டிய பெயர். மூன்றிலும் எஸ்-ஏ-இசட்டுக்கு ஒரு வரி சேர வேண்டும். இதை சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் விடுங்கள். நீங்கள் கையை வைக்க வேண்டாம். பெயர் எப்படித் தெரிய வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். 'சௌராஷ்டிரம்' என்றாலும், குழப்பம் வராதிருக்க 'சௌராஷ்டிரம், மதுரை' என்றாலும் உங்கள் விருப்பம்.

பெயர் மாறலாம், குறியீடு மாறாது என்பதற்கு ஒடியாவைப் பாருங்கள். 2011-இல் அரசியல் சட்டத்தின் 96-ஆவது திருத்தம் 'ஒரியா'வை 'ஒடியா' ஆக்கியது. குறியீடு பழைய ஓ-ஆர் தான், இன்றும். குறியீட்டை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஹீப்ரு இருக்கிறது. 1989-இல் அதன் ஐ-டபிள்யூ, எச்-இ ஆனது. ஜாவா என்ற நிரல்மொழி பழையதை விட்டு வர 2021-இல் வந்த அதன் 17-ஆம் பதிப்பு வரை ஆயிற்று.

வலைப்பக்கத்துக்கு வருவோம். பக்கத்தின் மொழியாக எஸ்-ஏ-இசட், ஒரு சிறுகோடு, பிறகு டி-ஏ-எம்-எல் என்று போடச் சொல்லுங்கள். முன்பாதி மொழி, பின்பாதி எழுத்து. எழுத்தைச் சொல்லாமல் விட்டால் சில மென்பொருள்கள் 2008-இல் யூனிகோடில் சேர்ந்த சௌராஷ்டிர எழுத்து என்றே எடுத்துக்கொள்ளும். தமிழில் பொருள் சொல்லும் பத்திகளுக்கு மட்டும் டி-ஏ என்று தனியே குறிக்க வேண்டும். டெம்ப்ளேட்டில் வந்த 'ஆங்கிலம்' என்பதை அப்படியே விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தமிழ் வரிகளை ஆங்கிலக் குரலிடம் கொடுத்துவிடும், ஒன்று உளறும் அல்லது மௌனமாகத் தாண்டும். இன்னொன்று, தமிழ் எழுத்தில் அச்சிடும்போது ஒலி வேறுபாட்டுக்காக மேலே போடும் 2, 3, 4 எண்களை யூனிகோடின் மேலெழுத்து எண்களாகவே, க² என்பதுபோல, உள்ளிடுங்கள். சாதாரண எண்ணை அலங்காரத்தால் மேலே தூக்கினால், வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது கீழே இறங்கி 'க2' ஆகிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் தரவுத்தளத்தை பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள். புத்தகங்கள் குறைவென்றால் கையாலேயே திருத்திவிடலாம். நூற்றுக்கணக்கில் என்றால் வெளியே எடுத்து, மார்க் பதிவுகளைத் திருத்தும் மார்க்எடிட் மென்பொருளில் மொத்தமாக மாற்றி, மறுபடி ஏற்றலாம். அப்படி ஏற்றும்போது எந்தப் பழைய பதிவின் மேல் அமர வேண்டும் என்ற பொருத்த விதியைக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு புத்தகமும் இரண்டு இரண்டாக நிற்கும். முதலில் ஒரே ஒரு கீர்த்தனைப் புத்தகத்தைத் திருத்தி, தேடல் அட்டவணையைப் புதுப்பிக்கச் சொல்லி, மொழி வைத்துத் தேடிப் பாருங்கள். அது குஜராத்தியில் வராமல் இருந்தால் மற்றவற்றைத் தொடலாம்.