மூன் டிராகன் ஏன் வரவில்லை? – வாசகர் கேள்வி பதில்

கைப்பேசியில் டிராகன்களை வளர்த்து, அவற்றை இனப்பெருக்கக் குகையில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் புதிய டிராகன்களின் முட்டைகளைப் பெறும் ‘டிராகன்வேல்’ விளையாட்டைப் பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரில் இயங்கிய பேக்ஃபிளிப் ஸ்டூடியோஸ் 2011 செப்டம்பரில் வெளியிட்ட இவ்விளையாட்டு, அந்நிறுவனம் 2019இல் மூடப்பட்ட பிறகும், டெக்கா கேம்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பொறுப்பில் தொடர்ந்து நடந்துவருகிறது. கடிதங்களில் பெரும்பாலானவை அரிய டிராகன்களைப் பெறும் வழியைக் கேட்பதால், அவற்றுக்கு மட்டும் இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: மின்னல் டிராகனையும் குளிர் டிராகனையும் நெடுநாளாக விடாமல் சேர்த்துவருகிறேன். தினமும் காலையில் கல்லூரிக்குக் கிளம்பும் முன் குகையில் விட்டுவிட்டுச் செல்வேன். பெரும்பாலும் ஸ்டார்ம் டிராகனின் முட்டைதான் கிடைக்கிறது. இத்தனை முறை தவறிவிட்டதால் மூன் டிராகன் இனி வந்தே தீரும் என்கிறாள் என் தோழி. அது சரியா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: தோழி சொல்வதைப் பிறகு பார்ப்போம்; உங்கள் கடிதத்திலேயே ஒரு விடை இருக்கிறது. மின்னல், குளிர் ஆகிய இரு எலிமென்ட்களும் (டிராகனின் அடிப்படைக் கூறுகள்) பெற்றோரிடம் இருந்தால், சன் டிராகன், மூன் டிராகன் இரண்டுக்குமே வாய்ப்பு உண்டு. ஆனால் சன் டிராகன் பகலில் சேர்த்தால்தான் கிடைக்கும். மூன் டிராகன் இரவில் சேர்த்தால்தான் கிடைக்கும். என்ன முட்டை என்பது சேர்க்கும் அந்தக் கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. முட்டை இரவு முழுவதும் குகையில் இருந்தது என்பது கணக்கில் வராது. காலையில் மட்டுமே சேர்த்துவந்திருக்கிறீர்கள் என்றால், மூன் டிராகனுக்காக நீங்கள் ஒரு முறைகூட முயலவில்லை என்றே பொருள். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு சேர்த்துப் பாருங்கள்.

இனித் தோழியின் கருத்து. முன்பு எத்தனை முறை தவறியது என்பதை முட்டை அறியாது. ஒவ்வொரு சேர்க்கையும் புதிதாகப் போடும் ஒரு குலுக்கல். சான்றுக்கு, ஓர் அரிய டிராகன் கிடைக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என வைத்துக்கொள்வோம். நூறு முறை முயன்றால் உறுதியாகக் கிடைத்துவிடும் என்றுதான் மனம் கணக்குப் போடும். உண்மையில் நூறு முறை முயன்றவர்களுள் ஏறத்தாழ 63 விழுக்காட்டினருக்கே கிடைத்திருக்கும். எஞ்சிய 37 விழுக்காட்டினர் வெறுங்கையோடுதான் இருப்பார்கள். பாதிப் பேருக்குக் கிடைக்க 69 முயற்சிகள் போதும், ஆனால் பத்தில் ஒன்பது பேருக்குக் கிடைக்க 230 முயற்சிகள் தேவைப்படும். தொடர்ந்து 100 முறை தவறிய ஒருவருக்கு 101ஆம் முறையில் உள்ள வாய்ப்பு, முதல் நாள் இருந்த அதே நூற்றில் ஒன்றுதான். எனவே முயற்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது பயன் தரும். தவறிய முயற்சிகளை எண்ணிக்கொண்டு காத்திருப்பது பயன் தராது.

கேள்வி: இடப்பக்கம் எந்த டிராகனை வைப்பது, வலப்பக்கம் எதை வைப்பது என்பதில் ஏதேனும் முறை உண்டா? ஆண், பெண் பார்த்துச் சேர்க்க வேண்டுமா?
– பள்ளி மாணவர், விருதுநகர்

பதில்: இந்த விளையாட்டில் டிராகன்களுக்கு ஆண், பெண் என்ற பாகுபாடே கிடையாது. சன், மூன் டிராகன்களைப் பொறுத்தவரை எதை எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான். இரண்டும் நான்காம் நிலையை எட்டியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அதற்குத் தேவையான தீனியைப் பண்ணையில் விளைவித்துக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: குகையில் காட்டும் நேரத்தை வைத்தே உள்ளே இருப்பது எந்த டிராகன் என்று சொல்லிவிடலாம் என்கிறார்களே? அப்படியானால் நல்ல ஜோடியைத் தேர்ந்தெடுக்க அந்த நேரம் உதவுமா?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: இம்முறை வந்தவற்றுள் மிக நல்ல கேள்வி இது. ஒவ்வொரு டிராகனுக்கும் இனப்பெருக்க நேரம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. சேர்த்தவுடன் திரையில் தோன்றும் நேரம், வரப்போகும் டிராகனின் நேரமே. சன், மூன் டிராகன்கள் இரண்டுக்கும் 48 மணி நேரம். குகையை மேம்படுத்தியிருந்தால் நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதால், அங்கே 38 மணி 24 நிமிடம் என்று காட்டும். இரவில் மின்னலையும் குளிரையும் சேர்த்தவர் திரையில் அந்த எண்ணைக் கண்டால் மகிழலாம். ஆனால் பல எலிமென்ட்கள் கலந்த பெற்றோரைச் சேர்க்கும்போது, ஒரே நேர அளவு கொண்ட வேறு டிராகன்களும் போட்டிக்கு வந்துவிடுவதால், நேரத்தை மட்டும் பார்த்து உறுதி கூற இயலாது.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிதான் முதன்மையானது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் எந்த ஜோடி வெற்றி தரும் என்றே பார்க்கிறார்கள். தோல்வியடைந்தால் அந்த ஜோடி எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்று பார்ப்பதில்லை. அரிய டிராகனுக்கான முயற்சிகளில் மிகப் பெரும்பாலானவை தோல்வியிலேதான் முடியும் என்பதால், காலம் செலவாவது அங்கேதான். இரு ஜோடிகள் ஒரே அளவு வாய்ப்புத் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தவறினால் 8 மணி நேரத்தில் குகை காலியாகிறது. மற்றொன்று தவறினால் 24 மணி நேரம் ஆகிறது. முதல் ஜோடியை வைத்திருப்பவர் நாளொன்றுக்கு மூன்று முறை குலுக்கலாம், இரண்டாமவர் ஒரு முறைதான் குலுக்கலாம். ஆகவே தேவையான எலிமென்ட்கள் அமைந்து, தேவையற்றவை கலக்காமல், தவறினாலும் விரைவில் முடியும் முட்டைகளைத் தரும் ஜோடியே நல்ல ஜோடி. மூன் டிராகனை நாடுபவர் மூன்று நான்கு எலிமென்ட் கொண்ட பகட்டான டிராகன்களைக் குகைக்குள் அனுப்புவது வீண். மற்றோர் அரிய டிராகனான ரெயின்போ டிராகனுக்கு நிலைமை வேறு. பெற்றோர் இருவரிடமும் சேர்த்து நான்கு வெவ்வேறு எலிமென்ட்கள் இருந்தாக வேண்டும் என்பதால், அங்கே கலப்பு டிராகன் இல்லாமல் வழியில்லை; தேவையற்ற முட்டைகளும் அதற்கேற்ப மிகுதியாகவே வரும்.

அந்தத் தேவையற்ற முட்டைகளைப் பற்றியும் ஒரு சொல். முட்டை குகையிலிருந்து, பொரிக்கும் இடமான நர்சரிக்குச் சென்று அங்கும் பொரியும் வரை காத்திருக்கும். நர்சரியில் இடம் இல்லையென்றால் குகையும் அடைபட்டு நிற்கும். ஏற்கெனவே உங்களிடம் உள்ள டிராகனின் முட்டை என்றால், பொரியும் வரை வைத்திராமல் உடனே விற்றுவிடுங்கள். டிராகன்களைச் சேர்க்கும் மற்றோர் இடமான எபிக் பிரீடிங் தீவும் உங்களிடம் இருந்தால், குகையிலும் தீவிலும் ஒரே நேரத்தில் முயலலாம்.

கேள்வி: நெருப்பு டிராகனையும் குளிர் டிராகனையும் சேர்க்க முடியவில்லை. என் கைப்பேசியில் கோளாறா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கோளாறு இல்லை. அவை எதிர் எலிமென்ட்கள் என்பதால், தூய நிலையில் ஒன்றோடொன்று சேரமாட்டா. நெருப்பையோ குளிரையோ ஒரு கலப்பு டிராகன் வழியாகக் கொண்டுவந்தால் தடை நீங்கும். இரண்டும் கலந்த புளூஃபயர் டிராகன் அப்படித்தான் கிடைக்கிறது.

கேள்வி: என் மகன் ஜெம் (விளையாட்டுக்குள் செலவிடும் ரத்தினம்) வாங்கித் தரும்படி நச்சரிக்கிறான். ஜெம் செலவிட்டால் அரிய டிராகன் நிச்சயம் என்கிறான். ஒருமுறை எனக்குத் தெரியாமலே வாங்கியும் விட்டான். என்ன செய்வது?
– குடும்பத் தலைவி, திருச்சி

பதில்: இனப்பெருக்கத்தில் ஜெம் செலவிடுவது காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும், குலுக்கலின் முடிவை மாற்றாது. அதாவது அவன் விலை கொடுத்து வாங்குவது டிராகனை அன்று, அடுத்த முயற்சிக்கான வாய்ப்பை. மேலே சொன்ன 230 என்ற எண்ணை அவனிடம் காட்டி, அத்தனை முறை ஜெம் செலவிட்டால் எவ்வளவு ஆகும் என்று அவனையே கணக்கிடச் சொல்லுங்கள். அறிவுரையைவிட அது நன்றாக வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

தெரியாமல் வாங்கிய சங்கதி உலகெங்கும் நடந்திருக்கிறது. பிள்ளைகள் பெற்றோரின் ஒப்புதலின்றி விளையாட்டுகளுக்குள் பொருள் வாங்கியது தொடர்பாக, 2014 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில், குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பெற்றோர் ஒருமுறை கடவுச்சொல் இட்டால், அடுத்த 15 நிமிடங்களுக்கு அது மீண்டும் கேட்கப்படாமலே எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்க முடிந்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. புகார்களில் குறிப்பிடப்பட்ட விளையாட்டுகளுள் ‘டிராகன் ஸ்டோரி’ என்ற மற்றொரு டிராகன் வளர்ப்பு விளையாட்டும் இருந்தது. அதே ஆண்டில் கூகுளும் 1.9 கோடி டாலர் திருப்பித் தர இசைந்தது. இன்று இரு வகைக் கைப்பேசிகளிலும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் அல்லது கைரேகை கேட்குமாறு அமைத்துக்கொள்ளலாம். அதை இன்றே செய்துவிடுங்கள். இலவச ஜெம் தருவதாகக் கூறி கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் செயலிகளை அவன் நாடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காசு கொடுக்காமல் ஜெம் சேர்க்க வழி இல்லையா?
– வாசகர், ஈரோடு

பதில்: உண்டு. ஜெம்ஸ்டோன் டிராகன்கள் எனப்படும் பன்னிரண்டும், மற்ற டிராகன்களைப் போல் விளையாட்டின் சாதாரண நாணயமான டிராகன்கேஷ் ஈட்டாமல் ஜெம்மையே ஈட்டுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மாதத்துக்குரிய பிறப்புக்கல்லின் பெயரைக் கொண்டது: மே மாதத்துக்கு எமரால்டு, ஜூலைக்கு ரூபி, செப்டம்பருக்குச் சஃபையர். ஈட்டும் அளவு மிகச் சிறிது என்பதால், ஒரு மாதம் ஈட்டியதைக் கொண்டு ஓர் இரவின் காத்திருப்பைத் தவிர்த்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஆண்டுக்கணக்கில் ஆடுபவருக்குத்தான் அது தொகையாகத் தெரியும். எனவே ஒரு ஜெம்ஸ்டோன் டிராகனுக்கு உரிய மாதத்தில் மூன், ரெயின்போ வேட்டையைச் சற்று நிறுத்திவைத்து, குகையை அந்த மாதத்து ஜெம்ஸ்டோன் டிராகனுக்கே விட்டுக்கொடுக்கலாம். மூன் டிராகனை அடுத்த மாதமும் முயலலாம்.