இன்பாக்ஸ் நிறைந்தே கிடக்கட்டும்

கேள்வி: தினமும் இன்பாக்ஸைக் காலி செய்துவிட்டுத்தான் தூங்குவேன். விடிந்தால் மறுபடி நிறைந்திருக்கிறது. உடம்பு சரியில்லை என்று எழுதிய நண்பருக்குக்கூட 'டேக் கேர்' என்று ஒரே வரி போட்டு முடித்துவிட்டேன். நான் ஒழுங்கில்லாதவனா?

பதில்: இதற்கும் ஒழுங்குக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும், உங்களைக் கேட்காமலே அந்தப் பெட்டியில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகலாம். வருவது உங்கள் கையில் இல்லை. அப்படியிருக்க, அது காலியாக இருந்தே தீர வேண்டும் என்று உங்களை வதைத்துக்கொள்வது என்ன நியாயம்? பத்துப் பேருக்குப் பதில் போட்டால், அதில் பாதிப்பேர் திரும்ப எழுதத்தான் செய்வார்கள்.

'இன்பாக்ஸ் ஜீரோ', அதாவது இன்பாக்ஸைக் காலியாக்குவது என்ற பேச்சைப் பரப்பிய அமெரிக்க எழுத்தாளர் மெர்லின் மான், 2007-இல் கூகுள் அலுவலகத்தில் அதைப் பற்றி உரையாற்றினார். அவருடைய கவலை மெயில் எண்ணிக்கை அல்ல. நம் மனம் எவ்வளவு நேரம் இன்பாக்ஸிலேயே கிடக்கிறது என்பதுதான். உங்களுக்கு எண்ணிக்கை குறைந்தது, மனம் அங்கேயே கிடக்கிறது. அதற்கு விலை கொடுத்தவர் உங்கள் நண்பர். நிதானமாக நாலு வரி எழுத வேண்டிய மெயிலையும் தள்ளுபடி விளம்பரத்தையும் ஒரே வேகத்தில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

ஒரு காலத்தில் அழித்தே ஆக வேண்டியிருந்தது. ஹாட்மெயில் இலவசமாகத் தந்த இடம் 2 எம்.பி.தான். 2004-இல் ஜிமெயில் 1 ஜி.பி.யோடு வந்த பிறகு அந்த நெருக்கடி போய்விட்டது.

ஒரு மாதத்துக்கு முந்தைய மெயில்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'ஆர்க்கைவ்' செய்யுங்கள். இன்பாக்ஸிலிருந்து மட்டும் விலகும், எதுவும் அழியாது, அனுப்பியவர் பெயரைப் போட்டுத் தேடினால் வந்து நிற்கும். போனில் மெயில் ஐகான் மேல் வரும் எண்ணை, செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அணைத்துவிடுங்கள். அப்புறம், பகலில் இரண்டு தடவை பார்த்தால் போதும். உங்கள் பதிலுக்காக உண்மையிலேயே காத்திருப்பவர் யார் என்று மட்டும் பார்த்து, அந்த மெயிலுக்கு ஸ்டார் போடுங்கள். அவர்களுக்கு நேரம் எடுத்து எழுதுங்கள். மற்றவற்றைத் திறக்காமலே விட்டாலும் குடிமுழுகிப் போகாது.

சரி, உடனுக்குடன் பதில் போடுவதே உங்கள் உத்தியோகம் என்றால்? ஃபில்டர் போட்டு அந்த மெயில்களை மட்டும் ஒரு தனி லேபிளுக்குத் திருப்பிவிடுங்கள். வேலை நேரத்தில் அதை மட்டும் பாருங்கள். வேலை முடிந்ததும் அதையும் மூடிவிடுங்கள்.