மடிப்பில் முறியும் கோரை: முரண்பாட்டைப் பிரித்துப் பாருங்கள்

வணக்கம். பத்தமடைப் பாயில் செய்யும் மடிக்கணினி உறை மடிப்பில் முறிகிறது, மெல்லிய கோரைக்கு மாறினால் விறைப்பாக நிற்பதில்லை, குழு இரண்டுபட்டு நிற்பதால் ஆறு தொப்பி முறையைக் கையாளலாமா என்று கேட்டிருந்தீர்கள். தகவல், உணர்வு, ஆபத்து என ஒவ்வொரு கோணமாக எல்லோரும் சேர்ந்து யோசிக்கும் அம்முறை கூட்டத்தின் பேச்சை ஒழுங்குபடுத்தும். இந்த முடிச்சை அவிழ்க்க ட்ரிஸ் முறையே பொருத்தம் என்பது என் கருத்து.

சோவியத் ஒன்றியத்தில் கென்ரிக் அல்ட்ஷுல்லர் 1946-இல் உருவாக்கத் தொடங்கிய அம்முறை, ஒரே பொருளுக்கு எதிரெதிரான இரு குணங்கள் தேவைப்படும்போது நடுவாந்தரமாக எதையாவது ஏற்றுக்கொள்ளாமல், எந்த இடத்தில் எது வேண்டும், எந்த நேரத்தில் எது வேண்டும் என்று பிரித்துக் கேட்கச் சொல்கிறது. உங்கள் உறையில் பரப்பு முழுவதும் விறைப்பு வேண்டும். வளைய வேண்டியது ஒரே ஒரு கோடு.

பாயில் நூல் பாவாகவும் (தறியில் நீளவாக்கில்) கோரை ஊடையாகவும் (அதற்குக் குறுக்கே) ஓடுகின்றன. மடிப்பு கோரைக்குக் குறுக்கே விழுந்தால் ஒவ்வொரு கோரையும் அங்கே ஒடியத்தான் செய்யும். கோரை ஓடும் திசையிலேயே அமைந்தால் பாவு நூல்தான் வளையும், பாயைச் சுருட்டும்போது நடப்பதும் அதுவே. இன்னும் உறுதி வேண்டுமானால், அந்தக் கோட்டில் விரலகலத்துக்குக் கோரைக்குப் பதிலாகப் பருத்தி நூலையே ஊடையாகக் கொடுத்து ஒரு துண்டு நெய்து பார்க்கலாம். அது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதைத் தறியில் இருப்பவரே சொல்ல முடியும் என்பதால், தயவுசெய்து அவரையும் கூட்டத்தில் உட்கார வையுங்கள்.

இரண்டு மாதிரிகள் தேறினால், இப்போதைய உறையை அளவுகோலாக வைத்து, எடை, விலை, நெய்யும் நேரம் ஒவ்வொன்றிலும் மேலா, சமமா, கீழா என்று குறித்து ஒப்பிடுங்கள். தற்போதைய மடிப்பு எத்திசையில் விழுகிறது என்று எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.