குயினுக்கு யார் பாடுவது?

கேள்வி: இப்போது பாடும் ஆடம் லாம்பர்ட் விலகிவிட்டால் பிரிட்டிஷ் ராக் குழுவான குயினில், மறைந்த பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் இடத்துக்கு யாரைப் போடுவீர்கள்? ஒரு புது அணி சொல்லுங்களேன்.

பதில்: அந்த இடத்துக்கு யாரையும் போட மாட்டேன், பாட மட்டும் ஆள் தேடுவேன். 1992 ஏப்ரலில் வெம்ப்ளியில் நடந்த ஃப்ரெடி நினைவு நிகழ்ச்சியில் ஜார்ஜ் மைக்கேல் குயினின் 'சம்படி டு லவ்' பாட்டைப் பாடியதைக் கேட்டுப் பாருங்கள், அந்த உச்சஸ்தாயியை அவ்வளவு அநாயாசமாகத் தொட்ட இன்னொருவரை நான் கேட்டதில்லை. அவரும் 2016-ல் இறந்துவிட்டார். லாம்பர்ட்டுக்கு முன் குயினோடு பாடிய பால் ராட்ஜர்ஸ் அருமையான ப்ளூஸ் குரல், ஆனால் குயினுக்கு வேண்டிய நாடகத்தன்மை அவரிடம் இல்லை, லாம்பர்ட்டிடம் இருக்கிறது.

சரி, என் அணி. பிரையன் மே கிடார், ரோஜர் டெய்லர் டிரம்ஸ், இதில் கை வைக்கவே கூடாது. 1997-க்குப் பிறகு ஒதுங்கிவிட்ட ஜான் டீக்கன் ஒரே ஒரு இரவுக்காவது பேஸ் வாசிக்கத் திரும்ப வேண்டும் (ஆசைதானே!). பாடுவதற்கு லேடி காகா. பெயரே குயினின் 'ரேடியோ கா கா' பாட்டிலிருந்து வந்ததுதான், 2014-ல் சிட்னியில் இவர்களோடு மேடையேறியும் இருக்கிறார், அப்புறம் பியானோவில் உட்கார்ந்து உருகிப் பாடத் தெரிந்தவர். ஃப்ரெடியின் பல பாடல்கள் பியானோவில் பிறந்தவை என்பதால் எனக்கு அது ரொம்ப முக்கியம்.

மார்க் மார்டெலைச் சொல்வீர்கள். குரல் அச்சு அசல் ஃப்ரெடிதான், அதனாலேயே வேண்டாம்.